பிள்ளைகள் கடிதம் எழுதட்டும்!



உங்கள் வீட்டில் பாடசாலைக்குப் போகும் பிள்ளை இருக்கிறதா? இருந்தால் இன்று மாலை அதன் தமிழ்க் கொப்பியை வாங்கி ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 'கடிதம் எழுதுதல்' என்ற தலைப்பு எங்காவது ஒரு பக்கத்தில் இருக்கும். சுற்றுலா சென்ற அனுபவத்தைக் கூறி நண்பனுக்கு ஒரு கடிதம், சுகவீன விடுமுறை கேட்டு வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம், ஊர்ப் பாதையைத் திருத்தித் தருமாறு பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு கடிதம் என்று இரண்டு மூன்று எழுதியிருப்பார்கள்.

அந்தக் கடைசிக் கடிதத்தைக் கவனியுங்கள். 'அனுப்புநர்', 'பெறுநர்', 'கனம் ஐயா' எல்லாம் ஒழுங்காக இருக்கும். கீழே சிவப்பு மையில் ஒரு சரி அடையாளம் இருக்கும். 15-க்கு 12 புள்ளியும் போட்டிருப்போம். ஆனால் அந்தக் கடிதம் ஒருநாளும் தபால் பெட்டியைக் கண்டிருக்காது!

ஊரில் பாதை உடைந்துதான் கிடக்கிறது. சபைக்குத் தவிசாளரும் இருக்கிறார். பிள்ளையும் எழுதிவிட்டது. பிறகு ஏன் அதைத் தபாலில் போடுவதில்லை? இந்தக் கேள்வி ஒருநாள் எனக்குத் தோன்றியது. விடை தேடப்போன இடத்தில் நான் சில தவறுகளைச் செய்தேன். சில விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். அவற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏனென்றால் இந்தக் காரியம் பாடசாலையில் தொடங்கினாலும் தாய்மாரின் சம்மதம் இல்லாமல் நிறைவேறாது.

கடிதம் எழுத ஆளில்லாத காலம்

நான் வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் மௌலவி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் இடையில் ரயில் நிற்கும் சிறிய ஊர் வட்டகொடை. சுற்றிலும் தேயிலை மலைகள், லயங்கள். கடைத்தெருவில் நம்மவர் சிலர் வியாபாரம் செய்கிறார்கள். தோட்டங்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. இஸ்லாம் பாடத்துக்கு நியமனம் பெற்றவன் நான். ஆசிரியர் பற்றாக்குறையால் தமிழும் குடியுரிமைக் கல்வியும் என் தலையில் விழுந்தன. என் வகுப்பில் முருகன் பெயருள்ள பிள்ளையும், மரியாள் பெயருள்ள பிள்ளையும், பாத்திமா பெயருள்ள பிள்ளையும் ஒரே வாங்கில்தான் உட்காருகிறார்கள்.

இந்த மண்ணில் 'பிரதிநிதிக்குக் கடிதம் எழுது' என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது சாதாரண விஷயமல்ல. ஏன் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

வட்டகொடையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்தில் 1914-ஆம் ஆண்டு பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. மலையக மக்களின் வாழ்வை எழுத்தில் வடித்த அவரை எழுத்தாளராகத்தான் பலரும் அறிவார்கள். அவர் ஒரு பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அவர்களுள் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினர் அவர்தான். தோட்டத்தில் பிறந்த ஒருவரைத் தோட்டத்து மக்கள் தங்கள் வாக்கால் அனுப்பினார்கள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதே 1949-ல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு வாக்கும் இல்லை என்றாயிற்று. 1952-ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. பிரஜாவுரிமை கேட்டு அவ்வாண்டு கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. பலன் கிட்டவில்லை.

இது தோட்டத் தொழிலாளர்களை மட்டும் பாதித்த சட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களிலிருந்து மலைநாட்டுக்கு வந்து கடை வைத்த நம் முன்னோர்களும் அதே விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக்கொண்டு அலைந்தவர்கள்தாம். என் மூத்த வாப்பா தம் கடைசிக் காலம் வரை அந்தக் காகிதங்களை ஒரு துணிப்பையில் கட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார்.

1964-ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டன. 1977-ல்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியின் மூன்று உறுப்பினர்களுள் ஒருவராகத் தெரிவானார். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க 1988-ல் ஒரு சட்டமும், எஞ்சியவர்களுக்காக 2003-ல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன.

கணக்குப் போட்டுப் பாருங்கள் சகோதரிகளே! இன்று என் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் பாட்டி சிறுமியாக இருந்தபோது, அவள் வீட்டில் வாக்குள்ளவர் எவரும் இல்லை. வாக்கில்லாதவருக்குப் பிரதிநிதி ஏது? பிரதிநிதி இல்லாதவர் யாருக்குக் கடிதம் எழுதுவார்? எதற்கும் துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதுதான் வழக்கமாக இருந்தது. சட்டம் மாறிவிட்டது. வழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

முதல் கடிதமும் என் தவறும்

2017-ஆம் ஆண்டு நான் முதல்முறையாகத் துணிந்தேன். எங்கள் பிள்ளைகள் லயத்திலிருந்து பாடசாலைக்கு வரும் வழியில் ஓர் ஓடை உண்டு. குறுக்கே இரண்டு பழைய மரக்கட்டைகள் கிடந்தன. மழை பிடித்தால் தண்ணீர் கட்டைக்கு மேலே பாயும். அன்றைக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள். இதைப் பற்றி எழுதுவோம் என்று முடிவு செய்தோம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அரபுக் கல்லூரியில் பயின்ற இலக்கணத் தமிழையெல்லாம் திரட்டி, கரும்பலகையில் ஓர் அழகான கடிதம் எழுதினேன். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். முப்பது கடிதங்களும் ஒரே மாதிரி! அவற்றை ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. ஒரு தவணை காத்திருந்தோம். அடுத்த தவணையும் போயிற்று. 'எழுதி என்ன சேர் பிரயோசனம்?' என்று ஒரு பையன் கேட்டான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு யோசித்துப் பார்த்தபோது தவறு என்னுடையது என்று புரிந்தது. முதலாவது, அது பிள்ளைகளின் கடிதமே அல்ல; முப்பது கையெழுத்தில் இருந்த என் கடிதம். இரண்டாவது, அதில் 'சொல்லொணாத் துயரம்' இருந்தது. ஓடையின் அகலம் இல்லை. மூன்றாவது, அது யாருடைய பொறுப்பு என்று விசாரிக்காமலே அனுப்பியிருந்தேன்.

தோட்டத்தில் இந்த மூன்றாவது விஷயம் மிகவும் சிக்கலானது. நிலம் அரசாங்கத்துடையது. 1992 முதல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் இருக்கிறது. பிரதேச சபைக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். ஆனால் 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவிட இடமிருக்கவில்லை. வாக்குக் கேட்டு வரலாம், பாதை போட முடியாது என்ற விநோதமான நிலை! 2018-ஆம் ஆண்டுதான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள்ளும் பிரதேச சபை சேவை செய்ய வழி பிறந்தது.

இரண்டாவது கடிதம்

2019-ஆம் ஆண்டு நடுப்பகுதியில் மறுபடியும் தொடங்கினோம். இம்முறை நான் சுண்ணக்கட்டியைக் கையில் எடுக்கவில்லை. 'எழுதுவதற்கு முன் எண்ணுங்கள், அளந்து பாருங்கள், விசாரியுங்கள்' என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளைகள் கயிறு கொண்டுபோய் ஓடையை அளந்தார்கள். பதினெட்டு அடி. அந்த வழியால் வருகிறவர்களை ஒருநாள் காலை நின்று எண்ணினார்கள். நாற்பத்து மூன்று பேர். வரவுப் பதிவேட்டைப் பார்த்து, மழையால் எத்தனை நாள் அந்த லயத்துப் பிள்ளைகள் வரவில்லை என்று கணக்கெடுத்தார்கள். கிராம உத்தியோகத்தரிடம் இருவர் போய், 'இது யாருக்குச் சேர்ந்த வேலை?' என்று கேட்டு வந்தார்கள். பிரதேச சபைக்கு எழுதலாம், ஆனால் தோட்ட நிர்வாகத்தின் இணக்கமும் வேண்டும் என்று அவர் விளக்கியிருந்தார்.

பிறகு அவர்களாகவே எழுதினார்கள். நான் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினேன். ஒரு பிள்ளை, 'எங்கள் தங்கச்சியை நான் முதுகில் தூக்கிக்கொண்டு கட்டையில் நடப்பேன், அப்போது கீழே பார்க்க மாட்டேன்' என்று எழுதியிருந்தது. நான் கரும்பலகையில் எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வரி வந்திருக்குமா? சகோதரிகளே, பிள்ளை கண்டதைப் பிள்ளையே சொல்லும்போது அதற்கு ஒரு பலம் இருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதமாக்கி, தவிசாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் அனுப்பினோம். அதிபரின் அனுமதி பெற்று, பதிவுத் தபாலில் போட்டோம். வகுப்பிலேயே அழகாக எழுதும் பிள்ளை ஒரு முஸ்லிம் சிறுமி. ஆகவே எழுதியதும் அவள்தான். கையொப்பங்களில் முதலாவதும் அவளுடையதுதான். 'அனுப்புநர்' என்ற இடத்தில் அவள் தன் பெயரையும் தோட்டத்து முகவரியையும் எழுதினாள். அதில் ஒரு சங்கடம் ஒளிந்திருப்பதை நான் அப்போது உணரவில்லை.

ஒரு தாயின் கேள்வி

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆனால் பாடசாலைக்கு வரவில்லை. தோட்டத்து ஆபீஸுக்குப் போயிற்று. மலையகத் தோட்டங்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு தனி முகவரி கிடையாது என்பதும், கடிதங்கள் தோட்ட நிர்வாகத்தின் வழியாகவே கைக்குக் கிடைக்கும் என்பதும் மலைநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் தந்தையைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னிலையில், 'உன் மகள் என்ன கம்பிளேன் எழுதியிருக்கிறாள்?' என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

மறுநாள் தாய் பாடசாலைக்கு வந்தார். அது 2019 என்பதை நினைவில் வையுங்கள். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஒரு சிலர் செய்த பாதகத்துக்காக நம் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போகவே தயங்கிய காலம்.

'ஹஸரத், இத்தன புள்ளைங்க இருக்கயில எங்க புள்ள பேரத்தான் மொதல்ல எழுதணுமா? இப்ப இருக்குற நெலமயில நம்ம பேர ஏன் வெளிய காட்டணும்?' என்று கேட்டார். கண்ணில் நீர் நின்றது.

அந்தத் தாய்க்கு நான் வாதம் செய்து பதில் சொல்லவில்லை. 'தவறு என்னுடையது தங்கச்சி. உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பாடசாலை முகவரியை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்' என்றேன். பெற்றோரிடம் கேளாமல் பிள்ளையின் பெயரை வெளியே அனுப்பக் கூடாது. பயம் காரணமில்லாமல் வருவதில்லை. அதை அலட்சியமாகப் பேச எனக்கு உரிமையில்லை.

பிறகு கடிதத்தை வாங்கி வாசித்துக் காட்டினேன். மூன்றே வரிதான். கடிதம் கிடைத்தது, சபைக் கூட்டத்தில் சமர்ப்பிக்கப்படும், தோட்ட நிர்வாகத்தின் இணக்கம் கோரப்பட்டுள்ளது. கீழே கையொப்பமும் ரப்பர் முத்திரையும் இருந்தன. மேலே 'செல்வி' என்று போட்டு அந்தச் சிறுமியின் பெயர்.

'இது எங்க புள்ளைக்கா எழுதியிருக்காங்க?' என்று கேட்டார்.

'ஆமாம், அவளுக்குத்தான்.'

அவர் கடிதத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனார். சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பிள்ளை சொன்னாள்: அந்தக் கடிதம் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறதாம். அதன் கீழே அவளுடைய பாட்டியின் பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கிறதாம்.

பாலம் உடனே வந்ததா? இல்லை. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது, எல்லாம் நின்றது. பிள்ளைகள் ஞாபகமூட்டல் கடிதம் எழுதினார்கள். 2021-ல் கொங்கிரீட் பலகையும் ஒரு பக்கத்துக்கு இரும்புக் கைப்பிடியும் வந்தன. மறுபக்கக் கைப்பிடியும், கேட்டிருந்த விளக்கும் இன்னும் வரவில்லை. உள்ளதைத்தான் சொல்கிறேன், ஒரு கடிதத்தால் எல்லாம் நடந்துவிடும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். நாங்கள் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் பதிலில்லாமல் போயின. ஆனால் 'எழுதி என்ன பிரயோசனம்?' என்ற கேள்வி இப்போது வகுப்பில் எழுவதில்லை. 'பதில் வந்துவிட்டதா சேர்?' என்றுதான் கேட்கிறார்கள். பதில் பெறத் தகுதியுள்ளவர்கள் தாங்கள் என்று பிள்ளைகள் நம்பத் தொடங்கிவிட்டார்கள். நான் கற்பித்த பாடத்தின் பலன் அதுதான்.

இன்னொரு பாடத்தையும் காலமே கற்பித்தது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6-ஆம் திகதிதான் நடந்தது. அதை உரிய காலத்தில் நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றமே 2024-ல் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் என் மாணவர்கள், 'இப்போது யாருக்கு எழுதுவது சேர்?' என்று கேட்டார்கள். தேர்தல் எதற்கு என்ற பாடத்தை நான் அதைவிட நன்றாக நடத்தியிருக்க முடியாது!

ஆம்பூரில் ஒரு சிறுமி, அமெரிக்காவில் ஒரு சிறுமி

'பெண் பிள்ளை முறைப்பாடு எழுதுவதா?' என்று கேட்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. தமிழ்நாட்டின் ஆம்பூரில் 2018 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். இரண்டாம் வகுப்பில் படித்த ஏழு வயது முஸ்லிம் சிறுமி. வகுப்பில் முதலாவதாக வந்தால் வீட்டில் கழிப்பறை கட்டித் தருகிறேன் என்று தந்தை வாக்களித்திருந்தார். அவள் முதலாவதாக வந்தாள், கழிப்பறை வரவில்லை. சிறுமி தாயை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போய், தந்தை தந்த வாக்கை மீறிவிட்டார் என்று தன் கையாலேயே புகார் எழுதிக் கொடுத்தாள்! காவலர்கள் சிரித்துவிட்டு அனுப்பவில்லை. தந்தையை அழைத்துக் கேட்டார்கள். அவருக்கு வசதியில்லை என்று அறிந்ததும் நகராட்சிக்குத் தெரிவித்தார்கள். நகராட்சி கழிப்பறைக்கு ஏற்பாடு செய்ததோடு, அவளைத் தூய்மைப் பணியின் தூதராகவும் ஆக்கியது. அந்தச் சிறுமியின் துணிவைப் பலரும் புகழ்ந்தார்கள். கூடவே நடந்து போன தாயையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று வேடிக்கையானது. 1860-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். கிரேஸ் பெடல் என்ற பதினொரு வயதுச் சிறுமி, அவர் முகம் மெலிந்திருக்கிறது, தாடி வளர்த்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குக் கடிதம் எழுதினாள். அக்டோபர் 15-ல் எழுதிய கடிதத்துக்கு 19-ஆம் திகதியே லிங்கன் பதில் எழுதினார். பின்னர் தாடியும் வளர்த்தார்! பதவியேற்கப் போகும் வழியில் ரயில் அவள் ஊரில் நின்றபோது அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அன்று அந்நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. சிறுமிக்கு எங்கே இருக்கும்? இருந்தும் அவளுடைய கடிதத்துக்கு மதிப்பிருந்தது. (தாடியைப் பற்றியது என்பதால் இந்த மௌலவி இந்தக் கதையைச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம்!)

நமக்கு இதெல்லாம் புதிதா? கணவர் இழைத்த அநீதியை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்து விடாது முறையிட்டவர் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள். திருக்குர்ஆனின் 58-ஆம் அத்தியாயத்துக்கு 'அல்முஜாதலா', அதாவது தர்க்கித்த பெண் என்ற பெயர் அவர்களால் ஏற்பட்டது. நியாயமான முறையீடு பெண்ணுக்கு இழுக்கு என்று நாம் எங்கிருந்து கற்றோம்?

பிள்ளைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12-ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 1991-ல் அதை ஏற்றுக்கொண்டது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

1. சிறிய விஷயத்தில் தொடங்குங்கள். எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, கூரையில்லாத பஸ் தரிப்பிடம் போதும். பிள்ளை தன் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும்.

2. எழுதுவதற்கு முன் எண்ணச் சொல்லுங்கள். எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு தூரம்? ஒன்றைப் பத்தாக்கி எழுத விடாதீர்கள். சாட்சியத்தில் பொய் கூடாது என்று மதரஸாவில் படித்த பிள்ளைக்கு, கடிதமும் ஒரு சாட்சியம் என்று விளங்க வையுங்கள்.

3. பொறுப்பானவரைக் கண்டுபிடியுங்கள். குப்பையும் ஊர்ப்பாதையும் பிரதேச சபைக்கு. சட்டமும் நாட்டுப் பிரச்சினையும் பாராளுமன்ற உறுப்பினருக்கு. உறுப்பினர் ஒருவர் மூலம் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினால், அதை விசாரிக்கப் பொதுமனுக் குழு என்று ஒன்று இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

4. தமிழிலேயே எழுதட்டும். தமிழும் ஓர் அரசகரும மொழி. அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 4-ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999-லேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. 'சிங்களம் தெரியாதே' என்று தயங்க வேண்டியதில்லை.

5. ஒழுங்கு முக்கியம். திகதி, விஷயம், கையொப்பம் மூன்றும் இருக்க வேண்டும். முத்திரையில்லாத கடிதத்தை மன்னர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதற்காகவே வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்தார்கள். பெறுநரின் வழக்கத்தை மதிப்பதும் நல்ல முறைதான்.

6. மரியாதை தவற வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். 'தங்கள் பாதம் பணிந்து' என்ற நடை நம் பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை. 'இது எங்கள் நிலை, இதைச் செய்து தாருங்கள், எப்போது செய்வீர்கள் என்று தெரிவியுங்கள்' என்பது போதும்.

7. பாதுகாப்பைப் பாருங்கள். பெற்றோரின் சம்மதமும் அதிபரின் அனுமதியும் வேண்டும். முகவரி பாடசாலையுடையதாக இருக்கட்டும். பல பேர் சேர்ந்து கையொப்பமிடட்டும். எந்தக் கட்சிக்காரரும் பிள்ளையைக் கடிதத்தோடு நிறுத்திப் படம் பிடிக்க இடம் கொடாதீர்கள். பெரியவர்களின் சண்டையைப் பிள்ளையின் கையெழுத்தில் எழுதுவிப்பது பெரும் பாவம்.

8. பிரதியை வைத்திருங்கள். ஒரு மாதம் பார்த்து ஞாபகமூட்டல் எழுதட்டும். அதற்கும் பதில் இல்லையா? பெரியவர்கள் நீங்கள் 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பிள்ளையின் கடிதத்துக்கு என்ன நடந்தது என்றே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அதை அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

9. வேலை நடந்தால் நன்றிக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். முறையிட மட்டும் தெரிந்து நன்றி சொல்லத் தெரியாத பிள்ளையை வளர்த்துவிடக் கூடாது.

இறுதியாக...

அந்தச் சிறுமி இப்போது பெரிய பிள்ளையாகிவிட்டாள். உயர்தரம் படித்து முடித்தாள். சென்ற வருடம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கூரை ஒழுகியது. இம்முறை தாய்மார் எழுதினார்கள். அவள் அருகிலிருந்து உதவினாள். முதலாவது கையொப்பம் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? அன்று கண்ணீரோடு என்னிடம் வந்த அதே தாயினுடையதுதான்! முகவரியைப் பாடசாலைக்குப் போடட்டுமா என்று மகள் கேட்டாளாம். 'வேணாம், நம்ம லயத்து நம்பரயே போடு' என்றாராம் தாய்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் பிள்ளையின் கொப்பியில் அந்தக் கடிதம் இருந்தால் அதைப் புள்ளியோடு விட்டுவிடாதீர்கள். அதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று பிள்ளையோடு போய்ப் பாருங்கள். உண்மையென்றால் ஒரு முத்திரை வாங்கிக் கொடுங்கள். மிச்சத்தைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.